கிணற்றுக்குள் குளிர்ந்த மக்னீற்றோ

வெங்காயத்துக்கு மூன்று நாளைக்கு ஒருதரம் தண்ணீர் கட்டவேண்டும். பண்டத்தரிப்பில் எங்கள் தோட்டக் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை, அதை மேலே கொண்டுவரத்தான் வழியில்லாமல் இருந்தது. கரண்ட் நின்று இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இறைப்பு மோட்டர் சாக்குப் போர்த்தபடி கொட்டிலுக்குள் கிடந்தது. சண்டை காரணமாக டீசல், பெற்றோல், பற்றறி எதையும் அரசாங்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வர விடாது. மண்ணெண்ணெய் மட்டும் எங்கெங்கோ சுற்றி, கை மாறி மாறி, போத்தல் போத்தலாக வந்து சேரும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், நானும் மச்சாளும். மச்சாள் என் கணவரின் அக்கா, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. கல்யாணம் செய்யாதவர். என் கணவர் கொழும்பில் வேலையில் இருந்தபோது பாதை மூடிக்கொண்டது. அதன்பிறகு அவர் எங்களுக்கு எப்போதாவது வரும் கடிதமாக மட்டும் இருந்தார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தேன். மச்சாள் தோட்டம் செய்தார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, என் மாமனார் காலத்து ட்ராக்டர் வேப்பமர நிழலில் வெளியே நின்றது. மாமா செத்தபிறகு அதை ஒருவரும் தொட்டதில்லை. மச்சாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் முகத்தைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உது ஓடுமே மச்சாள்?”

“உதுக்குப் பற்றறி தேவையில்லை. மண்ணெண்ணெயிலை ஓடும். இப்ப இந்த ஊரிலை உதைவிட நல்ல மெசின் கிடையாது” என்றார், தும்பை நிறுத்தாமல்.

அவர் சொன்னது சரி. அது நான் பிறப்பதற்கு முன்னால் செய்யப்பட்ட ட்ராக்டர். முன்னால் ஹாண்டிலைப் போட்டுக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். எஞ்சினின் இடப்பக்கத்தில் கறுத்த இரும்புப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் மக்னீற்றோ. உள்ளே ஒரு காந்தம், அதற்கு மேலே ஒரு கம்பிச் சுருள். எஞ்சின் சுழலும்போது காந்தமும் கூடச் சுழலும், சுருளில் மின்சாரம் பிறக்கும், அது பிளக்குகளுக்குப் போய்ப் பொறியாக வெடிக்கும். அந்தச் சுருளைத்தான் கொயில் என்பார்கள். இதையெல்லாம் நான் வருஷாவருஷம் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். ஒரு ஸ்பனரைக் கையில் பிடித்ததில்லை.

மச்சாள் சின்னப் போத்தலில் ஒளித்து வைத்திருந்த பெற்றோலில் ஒரு மூடி அளவை, முதலில் பற்றிக்கொள்ள, எஞ்சினின் வாயில் விட்டார். ஹாண்டிலைப் பிடித்தார். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொண்டார். எஞ்சின் திருப்பி அடித்தால் பெருவிரல் முறியுமாம். மூன்றாவது இழுப்பில் அது இருமியது. ஐந்தாவதில் ஓடியது. மச்சாள் ஓடிப்போய் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தார். பக்கத்தில் சுழலும் சில்லிலிருந்து வார்ப்பட்டி போட்டுப் பம்பைச் சுழற்ற, கிணற்றிலிருந்து தண்ணீர் எழுந்து தொட்டியில் விழுந்தது. வாய்க்காலில் அது ஓடிவந்தபோது செம்மண் கறுத்துக்கொண்டே போனதை நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபது நிமிஷம் ஓடியது. பிறகு இரண்டுதரம் விக்கிவிட்டு நின்றுவிட்டது.

எவ்வளவு சுழற்றியும் அசையவில்லை. நாங்கள் சோறு தின்றுவிட்டு வந்து சுழற்றினோம், முதல் இழுப்பிலேயே ஓடியது. மறுபடி இருபது நிமிஷம், மறுபடி நின்றது. அடுத்த கிழமை முழுவதும் இதுதான் கதை. ஒரு பாத்தி நனையும், அடுத்த பாத்தி பாதி நனையும், பிறகு அமைதி. வெயிலில் ட்ராக்டருக்கு மேலே காற்று நடுங்கும். நாங்கள் இரண்டு பேரும் அது சூடு ஆறும்வரை மரத்தடியில் குந்தியிருப்போம். அந்தக் காத்திருப்பில் எனக்கு நித்திரை வரும். மச்சாள் மடியில் கையை வைத்தபடி இருப்பார். வெங்காயத் தாள்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்கூடக் கேட்கும்.

எண்ணெயில் பிழை என்று நினைத்தோம். அந்தக் காலத்து மண்ணெண்ணெயில் என்ன கலந்திருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பழைய வேட்டித் துணியில் நான்கு மடிப்பாக வடித்தோம். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினோம். பிளக்குகளைச் சுரண்டினோம். மக்னீற்றோவின் மூடியைத் திறந்து, திறந்து மூடும் அந்தச் சின்ன முனைகளை மெல்லிய மண்தாளால் தேய்த்தோம். பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு கொண்டென்சர் வாங்கி மாற்றினோம். எதைச் செய்தாலும் அதே இருபது நிமிஷம்தான்.

இதற்கிடையில் இன்னொரு ஆள் எங்களோடு சேர்ந்தார். எஞ்சின் ஓடும்போது குண்டு போடும் பொம்மர் விமானம் வரும் சத்தம் கேட்காது. யாராவது ஒருவர் தள்ளி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனங்கள் இருந்தார்கள். எட்டாம் வகுப்பு அறையில் இருந்த ஒரு பெண்ணை நான் கேட்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும், பிள்ளைகள் இல்லை. கணவர் கடற்றொழில் செய்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். “வேலையில்லாமல்தானே இருக்கிறன், வாறன்” என்றார். வந்து கிணற்றுக்கட்டில் ஏறி உட்கார்ந்து, கையை நெற்றிக்குக் கொடுத்து வானத்தைப் பார்ப்பார். கடலைப் பார்த்துப் பழகிய கண், இமைக்காது.

ஐந்தாம் நாள் எஞ்சின் நின்றதும் அவர் கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கி வந்தார்.

“ரீச்சர், உங்கடை மெசினுக்கு வருத்தம் எண்ணெயிலை இல்லை.”

“அப்ப எதிலை?”

“சூடேற நிக்குது, ஆற ஓடுது. எங்கடை போட் எஞ்சினும் உப்பிடித்தான் செய்தது. கரையிலை போட்டுப் பாத்தால் நல்லாத்தான் ஓடும். கடலுக்குப் போய் ஒரு மணித்தியாலத்திலை நிண்டிடுமாம். இவர், என்ரை மனுசன், சொல்லுவார், எரியிறது பிழையில்லை, பொறிதான் சாகுதெண்டு.”

மச்சாள் என்னைப் பார்த்தார். “நீர்தானே இதைப் படிப்பிக்கிறனீர். சூட்டிலை பொறி சாகுமே?”

எனக்கு முகம் எரிந்தது. சாகும். கொயிலின் உள்ளே மயிரைவிட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. சுற்றுக்குச் சுற்று நடுவில் வார்னிஷ் பூச்சு. பழசாகிப்போன பூச்சு சூட்டில் இளகினால் மின்சாரம் குறுக்கால் பாய்ந்துவிடும், பிளக்குக்குப் போய்ச் சேராது. ஆறினால் மறுபடி இறுகும். இவ்வளவும் தெரிந்தும் எனக்கு ஏன் அது மனதில் வரவில்லை என்று இன்றைக்கும் விளங்கவில்லை. கரும்பலகையில் இருந்தது ஒரு உலகம், வேப்பமரத்தடியில் நின்றது இன்னொரு உலகம்.

நிச்சயப்படுத்த வேண்டும். மின்சாரம் அளக்கும் பள்ளிக்கூடத்து மீற்றர் இருந்தது, ஆனால் அதற்குள் போடப் பற்றறி இல்லை. மூன்று பேரும் யோசித்தோம். வானம் பார்க்க வந்தவர்தான் சொன்னார், “சூடாக்கிப் பாப்பம், ஆற வைச்சுப் பாப்பம். வேறை என்னத்தை?”

மக்னீற்றோவைக் கழற்றுவதற்கு முன் அது இருந்த நிலையை அடையாளம் செய்யவேண்டும் என்று எனக்குப் பட்டது. என் சாந்துப்பொட்டுப் போத்தலை எடுத்துவந்து அதன் இரும்பில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். பிறகு இரண்டு திருகாணிகளைக் கழற்றி அதை ஒரு குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்து, கொட்டில் தகரத்தின்மேல் வெயிலில் வைத்தோம். இரண்டு மணித்தியாலத்தில் அதைத் தொட முடியவில்லை. துணியால் பிடித்து இறக்கினோம்.

பொறியைப் பார்க்க இருட்டு வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு இருட்டுக்கு எங்கே போவது? மச்சாள் தடித்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று பெண்களும் முற்றத்தில் முட்டுக்காலில் இருந்து, தலையோடு போர்வையால் மூடிக்கொண்டோம். உள்ளே எண்ணெய் நாற்றம், எங்கள் மூச்சு, போர்வையின் ஓட்டைகளில் ஊசி ஊசியாய் வெயில். நான் பிளக்குக்குப் போகும் கம்பியின் நுனியை இரும்புக்குக் கிட்டப் பிடித்தேன். மச்சாள் அச்சைத் திருப்பினார். அது இறுகி இறுகிப் போய் ‘டக்’ என்று துள்ளியது. ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ‘டக்’. ஒரு மஞ்சள் நூல், வந்ததோ வரவில்லையோ என்று.

“இப்ப ஆற வைப்பம்” என்றார் மச்சாள்.

மக்னீற்றோவைச் சாக்கில் கட்டி வாளிக்குள் வைத்து, கயிற்றைக் கப்பியில் போட்டுக் கிணற்றுக்குள் இறக்கினோம். தண்ணீரில் படாமல் ஒரு முழம் மேலே நிறுத்திக் கயிற்றைக் கட்டினோம். நான் எட்டிப் பார்த்தேன். கீழே வட்டமான பச்சை இருட்டில் வாளி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது, அதற்குக் கீழே தண்ணீரில் இன்னொரு வாளி அதோடு சேர்ந்தே சுழன்றது. கிணற்றின் குளிர் முகத்தில் பட்டது. எவ்வளவு நேரம் அப்படியே குனிந்து நின்றேன் என்று தெரியாது. அந்தப் பின்னேரம் முழுக்க உலகத்தில் வேறு எதுவும் நடக்காததுபோல இருந்தது.

நாலரை மணிக்குத் தூக்கினோம். மறுபடி போர்வைக்குள் போனோம். மச்சாள் திருப்பினார். ‘டக்’.

நீலம். விரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு நீலப் பொறி, கூடவே சின்ன வெடிச் சத்தம். அந்த ஒரு கணத்தில் மூன்று முகங்களும் தெரிந்து மறைந்தன. மச்சாள் சிரித்தார். மச்சாள் பல் தெரியச் சிரித்து நான் கனகாலம் காணவில்லை. “இன்னொருக்கா” என்றார் அந்தப் பெண். மச்சாள் திருப்பிக்கொண்டே இருந்தார். மூன்று பேரும் தேவைக்குமேல் அதற்குள்ளேயே இருந்தோம்.

பிழை கொயிலில்தான். இனிப் புதுக் கொயில் வேண்டும். யாழ்ப்பாண நகரத்துக்குச் சைக்கிளில் போய் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒரு கடைக்காரர், “தங்கச்சி, உதைச் செய்த நாட்டிலையும் இப்ப இருக்காது” என்றார்.

திரும்பி வரும் வழியில்தான் ஆய்வுகூடத்து அலுமாரி நினைவுக்கு வந்தது. அதன் மேல்தட்டில் ஒரு மக்னீற்றோ இருந்தது. யாரோ பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றி, எப்போதோ பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது. மின் தூண்டல் பாடத்தன்று மட்டும் அதை இறக்குவேன். பிள்ளைகள் முறைவைத்துச் சுழற்றிக் கூச்சலிடுவார்கள்.

அடுத்த நாள் அளவு பார்க்கும் வேர்ணியரையும் எங்கள் மக்னீற்றோவையும் எடுத்துக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தேன். இரண்டின் பெயர்த் தகடுகளும் தேய்ந்து போயிருந்தன. அதனால் மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றாக அளந்தேன். கொயிலின் நடுவே போகும் இரும்புத் தகட்டுக் கட்டின் நீளம், அகலம், இரண்டு ஆணித் துளைகளுக்கு இடையிலான தூரம். எல்லாம் ஒன்று. பொறி வெளியேறும் பித்தளை நாக்கும் ஒரே பக்கம்தான் பார்த்தது. ஆனால் அது பள்ளிக்கூடத்துப் பொருள்.

அதிபரிடம் போனேன். கட்டுப்பாடான மனிதர். ஒரு சோக்குக் கட்டிக்கும் பதிவு வைத்திருப்பவர்.

“அது வெளியிலை போகேலாது ரீச்சர். பொருள் பதிவு இடாப்பிலை மக்னீற்றோ ஒண்டு எண்டு இருக்கு.”

“மக்னீற்றோ போகாது சேர். உள்ளுக்கு இருக்கிற கொயிலை மட்டும் மாத்துவன். எங்கடை கொயிலை இதுக்குள்ளை போட்டுவிடுவன்.”

“பழுதானதையோ?”

“இருபது நிமிஷம் ஓடினால்தான் சேர் அது பழுது. வகுப்பிலை ஒரு பிள்ளை பத்துத்தரம் சுத்தும். அதுக்கு அது நல்ல கொயில். நான் சுத்திக் காட்டுறன்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்துக் கிணற்றடி தெரிந்தது. வாளிகளோடு வரிசை. விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை அந்த வரிசை குறையாது. அவர் கையால் அதைக் காட்டினார்.

“உங்கடை மெசின் இஞ்சை வருமோ?”

“வரும் சேர்.”

“கிழமையிலை ஒருநாள் எங்கடை தொட்டிக்கு இறைச்சுத் தாங்கோ. இடாப்பிலை ஒண்டு எண்டுதான் கிடக்கும்.”

கொயில் மாற்றியது ஒரு சனிக்கிழமை. கொயிலை வெளியே எடுத்தால் காந்தத்துக்கு வேலை இல்லாமல் போய் அதன் பலம் குறையும். ஆய்வுகூடத்து மெல்லிரும்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து முதலில் காந்தத்தின் முனைகளுக்குக் குறுக்கே வைத்தேன். அது ‘டப்’ என்று ஒட்டிக்கொண்டது. பழைய கொயிலை உருவினேன். பக்கத்தில் தார்போல ஒன்று கசிந்து உறைந்திருந்தது. மெல்லிய கம்பி இரண்டைச் சரியான இடங்களில் பூட்டினேன். பள்ளிக்கூடத்துக் கொயிலை உள்ளே தள்ளி ஆணிகளை இறுக்கினேன்.

எஞ்சினில் ஏற்றிப் பூட்டி, ஒரு மூடி பெற்றோல் விட்டு, மச்சாள் ஹாண்டிலை இழுத்தார். எஞ்சின் ஓடவில்லை. காபரேற்றர் வழியாகப் ‘படார்’ என்று வெடித்து ஒரு நெருப்பு நாக்கை வெளியே துப்பியது. கிணற்றுக்கட்டில் இருந்தவர் குதித்து இறங்கி நிலத்தோடு படுத்துவிட்டார். ஷெல் குண்டு விழுந்தது என்று நினைத்திருக்கிறார். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்து, தானே சிரித்தார்.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொயில் சரியில்லையோ, அளந்தது பிழையோ, பள்ளிக்கூடத்துப் பொருளையும் கெடுத்துவிட்டேனோ. மச்சாள்தான் அமைதியாக, “நீர் பொட்டு வைச்சது மக்னீற்றோவிலை. மெசினிலை வைச்சனீரோ?” என்றார்.

வைக்கவில்லை. மக்னீற்றோவை எஞ்சினோடு சேர்க்கும் பிடிக்கு இரண்டு பற்கள். இரண்டு விதமாகவும் அது பொருந்தும். நான் அரைச் சுற்று மாற்றிப் போட்டிருந்தேன். பொறி வந்தது, வரக்கூடாத நேரத்தில் வந்தது. கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டினேன். மச்சாள் இழுத்தார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் ஓடியது.

இருபது நிமிஷம் வந்தது. இருபத்தைந்து. அரை மணி. மச்சாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீரைத் திருப்பத் தொடங்கினார். ஒரு மணித்தியாலத்தில் முழுத் தோட்டமும் நனைந்தது. பின்னேர வெயில் பாத்திகளில் நின்ற தண்ணீரில் விழுந்து, தோட்டமே தரையில் விரித்த ஒரு வானம்போலக் கிடந்தது. அதன் நடுவில் மச்சாள் முழங்கால்வரை மண்ணோடு நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த கிழமை ஆய்வுகூடத்தில் பழைய கொயிலைப் பள்ளிக்கூடத்து மக்னீற்றோவுக்குள் பூட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வாசலில் வந்து நின்றார்.

“ரீச்சர், நான் ஒருக்காச் சுத்தட்டே?”

யன்னல்களைச் சாத்தினேன். அவர் அச்சைப் பிடித்துத் திருப்பினார். ‘டக்’. நல்ல நீலப் பொறி. மறுபடி திருப்பினார். மறுபடியும்.

“உது அந்தப் பழுதான கொயில்தானே?”

“ஓம்.”

“இப்ப நல்லாத்தானே இருக்கு.”

“ஆறியிருக்கு. அதாலை.”

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “கடலுக்குப் போன அண்டைக்கு விடிய இவர் கரையிலை வைச்சு எஞ்சினை ரெண்டுதரம் இழுத்துப் பாத்தவர். நல்லா ஓடினது. நானும் பாத்துக்கொண்டு நிண்டனான். எல்லாரும் கேட்டவை, எஞ்சினைச் சரியாப் பாக்காமலோ போனவர் எண்டு. நானும் கேட்டிருக்கிறன், மனதுக்குள்ளை.” மக்னீற்றோவைப் பார்த்து, “கரையிலை வைச்சுப் பாத்தால் தெரியாது, என்ன?” என்றார்.

“தெரியாது” என்றேன். “ஒருத்தருக்கும் தெரியாது.”

“அண்டைக்கு நடந்தது உதுதானோ வேறை என்னவோ, அதுவும் தெரியாதுதான்.”

“ஓம்.”

அவர் தலையை ஆட்டினார். நான் யன்னலைத் திறக்கப் போனேன். “பொறுங்கோ ரீச்சர்” என்றார். இருட்டிலேயே இன்னும் சில தரம் சுற்றினார். ஒவ்வொரு பொறிக்கும் அவருடைய முகம் வந்து வந்து போனது. அந்த முகத்தில் அழுகை இல்லை. கணக்கு ஒன்று சரியாக வந்த பிள்ளையின் முகத்தில்தான் நான் அப்படி ஒரு தெளிவைக் கண்டிருக்கிறேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மச்சாள் பம்பையும் ஏற்றி ட்ராக்டரைத் தெருவால் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவார். பெண்ணொருத்தி ட்ராக்டர் ஓட்டுவதைச் சனம் முதல் இரண்டு கிழமை வேலியோரம் நின்று பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. இரண்டு மணித்தியாலம் இறைப்போம். தொட்டி நிரம்பி வழியும். பெண்கள் உடுப்புத் தோய்ப்பார்கள், குழந்தைகள் குழாயின் கீழ் நின்று கத்துவார்கள், ஆனால் எஞ்சின் சத்தத்தில் அவர்கள் வாய் திறந்து மூடுவது மட்டும்தான் தெரியும். அந்தச் சத்தம் ஒரு அளவுக்குமேல் சத்தமாகவே இருக்காது, மழை மாதிரி ஆகிவிடும். மச்சாள் மதிலில் சாய்ந்தபடி நித்திரையாகிவிடுவார். நான் பக்கத்தில் விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். அந்தப் பெண் கிணற்றுக்கட்டில் இருந்து வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் பார்த்துக்கொண்டே காலை நீட்டி வழியும் தண்ணீருக்குள் வைத்தார். “ரீச்சர், நீங்களும் வையுங்கோ” என்று சைகை காட்டினார். தாள்களைத் தூக்கி மதிலில் வைத்துவிட்டு நானும் போனேன்.